"திருத்தந்தை தப்பறை பேசுகிறார்" என்று வீடியோ வந்தால் என்ன செய்வது?

மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டீச்சர், திருத்தந்தை சொன்னது தப்பறை ஆச்சே. அப்போ அவர் திருத்தந்தையே இல்லையா?" தப்பறை என்றால் திருச்சபையின் விசுவாசத்துக்கு முரணான கொள்கை. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன: சொன்னது தப்பறையா, அவர் திருத்தந்தையா என்று. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சொன்னது என்ன என்று பாருங்கள். வத்திக்கான் இணையதளத்தில் முழு உரையையும் எடுத்து, முன்னும் பின்னும் உள்ள பத்திகளோடு வாசியுங்கள். விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சொன்ன பதிலும், திருச்சபை முழுவதற்குமான ஆயர் பேரவையாகிய பொதுச்சங்கத்தின் வரையறையும் ஒரே எடை அல்ல. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்த வழுவாவரம், அதாவது போதனையில் தவறாத வரம், விசுவாசமோ ஒழுக்கமோ பற்றிய ஒரு போதனையைத் திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டுமென்று திருத்தந்தை அறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே உரியது. 1950இல் மரியாவின் விண்ணேற்பை வரையறுத்தது அப்படிப்பட்டது.

அடுத்து, திருச்சபைச் சட்டம் 751ஐ எடுங்கள். திருமுழுக்குப் பெற்ற ஒருவர், இறைவனால் வெளிப்படுத்தப்பட்டது என்று திருச்சபை கற்பிக்கும் ஓர் உண்மையைப் பிடிவாதமாக மறுத்தால், அல்லது பிடிவாதமாகச் சந்தேகித்தால்தான் அது தப்பறை. தெளிவில்லாத வாக்கியமோ, நமக்குப் பிடிக்காத நிர்வாக முடிவோ, வழிபாட்டு முறையில் வந்த மாற்றமோ இதில் சேராது.

திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவானின் கதையை வகுப்பில் நான் விடாமல் சொல்வேன். 1331இல், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் அவர் மறையுரை ஆற்றினார்: நீதிமான்களின் ஆன்மாக்கள் கடைசித் தீர்ப்புக்குப் பிறகுதான் கடவுளை முகமுகமாய்க் காணும் என்றார். பாரிஸ் இறையியலாளர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 1334இல் மரணப்படுக்கையில் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1336இல் அடுத்த திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் அதற்கு மாறான போதனையை வரையறுத்தார். யோவான் சொன்னது பிழை. ஆனால் அப்போது அந்த விஷயம் வரையறுக்கப்படவில்லை, அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. கடைசிவரை அவர் திருத்தந்தையாகவே இருந்தார்.

தப்பறைக்காகக் கண்டிக்கப்பட்ட திருத்தந்தை முதலாம் ஹொனோரியுஸையும் மறைக்க வேண்டாம். அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின், 680-681இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அவரைக் கண்டித்தது. கண்டித்தது தனிமனிதர் அல்ல, ஒரு பொதுச்சங்கம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி: அவர் திருத்தந்தையா இல்லையா? சட்டம் 332இன்படி, திருத்தந்தையாக முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயர் அந்தத் தேர்வை ஏற்றுக்கொண்ட கணமே முழு அதிகாரம் பெறுகிறார். சட்டம் 1404, அவருடைய பீடத்தை எவரும் தீர்ப்பிட முடியாது என்கிறது. வெளிப்படையான பதிதர் (தப்பறையைப் பிடித்துக்கொண்டவர்) பதவி இழப்பார் என்று புனித பெல்லார்மின் போன்றோர் வாதிட்டது உண்மை. அது இறையியலாளர் கருத்து. திருச்சபை அதை வரையறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடி பேதுருவின் இருக்கை காலி, திருத்தந்தையே இல்லை என்று அறிவிக்க நமக்கு அதிகாரம் இல்லை. அப்படி அறிவித்துத் திருத்தந்தைக்குப் பணிய மறுப்பவர், அதே சட்டம் 751 சொல்லும் பிரிவினையில் போய் விழுகிறார்.

யார் உண்மையான திருத்தந்தை என்பதே குழம்பிய காலமும் உண்டு. 1378 முதல் 1417 வரை ரோமிலும் அவிஞ்ஞோனிலும் போட்டித் திருத்தந்தையர் இருந்தார்கள். அந்தப் பிளவில் புனித சியன்னா கத்தரின் ரோமைப் பக்கம் நின்றார். புனித வின்சென்ட் ஃபெரர் நெடுங்காலம் அவிஞ்ஞோன் பக்கம் நின்றார். கான்ஸ்டன்ஸ் சங்கம் கூடி, ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே அது தீர்ந்தது.

இவ்வளவும் பார்த்த பின்னும் மனம் உறுத்தினால், சட்டம் 212 உங்களுக்கு வழி தருகிறது: மேய்ப்பர்களிடம் மரியாதையோடு கருத்துச் சொல்லலாம். எந்த ஆவணம், எந்தப் பத்தி, எந்தப் போதனையோடு மோதுகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ கொடுங்கள். அந்த வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.