நெஞ்செரிச்சலுக்கு நான்கு செங்கல்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ராத்திரி 11 மணிக்குச் சால்னா ஊற்றி நான்கு பரோட்டா, உடனே தூக்கம். அப்புறம் தொண்டை வரை புளித்து ஏறும். எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே வரும். எண்ணெய்ப் பண்டம், காபி, சிகரெட் மூன்றும் அதைத் தளர்த்தும்.

நான் செய்தது இதுதான். சாப்பாட்டை 7 மணி இடைவேளைக்கு மாற்றினேன். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும். வீடு வந்து பசித்தால் இரண்டு இட்லி, அதுவும் சட்னியில்லாமல் (அதுதான் கொடுமை).

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். 15 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். தலையணையை அடுக்காதீர்கள், வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். லுங்கியை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ செங்கல் உதவாது, டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.