கொப்பியும் பேனையும் எடுங்கோ: உங்கட பொக்கிஷம் எங்க தாண்டு கிடக்குதெண்டு கண்டுபிடிக்கிற விதம்

எங்கட விசுவமடு வளவில கிணத்துக்கும் தேசி மரத்துக்கும் நடுவில 2009 தை மாசம், சண்டைக்கு ஓட முதல், அம்மா ஒரு பால்மா ரின்னைத் தாட்டவ. உள்ளுக்க ரெண்டு காப்பு, காணிப் பேர்மிற், பாங்க் புத்தகம், எல்லாம் சொப்பிங் பையில சுத்தினது. ரெண்டு கிழமையில திரும்பி வருவம் எண்ட நினைப்பு, திரும்பி வந்தது 2011. நானும் தம்பியும் மண்வெட்டியோட அரை நாள் கிண்டினம். ரின் கிடைச்சது, ஆனா கையில எடுக்கத் துருவாக் கொட்டுண்டுது, பேர்மிற்றைக் கறையான் முடிச்சிட்டுது, காப்பு ரெண்டும் மட்டும் ஒண்டும் நடக்காத மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. மத்தேயு 6ஆம் அதிகாரம் 19ஆம் வசனம், பூச்சியும் துருவும் எண்டு வாறது, அதைச் சின்னனில இருந்து பூசையில கேட்டு வளந்தனான். அண்டைக்குத்தான் மண்வெட்டியில தூக்கிப் பாத்தனான். அந்தக் காப்பும் இப்ப எங்களிட்ட இல்லை, அந்தக் கதை கீழ வருது.

செல்வம், ஆசீர்வாதம் எண்டு கதைக்கிற ஆக்கள் ஒண்டில் காசே பாவம் எண்டுவினம், இல்லாட்டி காசு வந்தாத்தான் ஆண்டவர் உன்னோட நிக்கிறார் எண்டுவினம், ரெண்டையும் கேட்டுக் கேட்டு வன்னிச் சனம் களைச்சுப் போச்சு. எல்லாத்தையும் விட்டிட்டு வெறுங்கையோட செட்டிகுளம் அகதி முகாமுக்குப் போன சனத்தைப் பாத்து உங்கட விசுவாசம் காணாது எண்டு சொல்ல ஆருக்கும் வாய் வரக்கூடாது, ஆனா சொன்னவை இருக்கினம். வேதத்தில ஆபிரகாமும் பணக்காரன்தான், அரிமத்தியா ஊர் யோசேப்பும் பணக்காரன்தான், இரத்தாம்பரம் வித்த லீதியாவும் வசதியான வியாபாரிதான். அதால எவ்வளவு வைச்சிருக்கிறியள் எண்டு நான் கேக்க வரேல்லை. எங்க வைச்சிருக்கிறியள் எண்டு நீங்களே பாக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுறன், எங்கட வீட்டில ரெண்டு வருசமாச் செய்யிறது.

80 பக்கச் சீஆர் கொப்பி ஒண்டு வாங்குங்கோ. போன்ல எழுதலாம் எண்டு நினைக்காதேங்கோ, போன்ல எழுதினா வீட்டில மற்றாக்கள் பாக்க மாட்டினம், எல்லாரும் பாக்கிற இடத்தில கிடக்க வேணும். பக்கத்தை மூண்டாப் பிரியுங்கோ: வந்தது, போனது, ஆருக்காக. முதல் ரெண்டும் எல்லாரும் எழுதுறதுதான், சாமான் மூண்டாவதில இருக்கு. ரீலோட் 200, எனக்கு. ரியூசன் காசு, பிள்ளைக்கு. பெருநாளுக்கு எடுத்த சாறி 6,500, சனம் பாக்க. இப்பிடி உள்ளதை உள்ளபடி எழுத வேணும், பொய் எழுதிறதெண்டா கொப்பியே வேண்டாம். ஒரு மாசம் முடிய அந்த மூண்டாவது நிரலை மட்டும் மேல இருந்து கீழ வாசிச்சுப் பாருங்கோ. நான் முதல் மாசம் வாசிக்கேக்க 'எனக்கு', 'சனம் பாக்க' ரெண்டும்தான் கூட இருந்தது, மனிசி ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணியை வைச்சிட்டுப் போயிட்டா.

உங்கட செல்வம் எங்க இருக்குதோ அங்கதான் உங்கட உள்ளமும் இருக்கும் எண்டு இயேசு சொன்னதை நாங்கள் கனபேர் தலைகீழா விளங்கி வைச்சிருக்கிறம். மனசு முதல் போகும், பிறகு காசு போகும் எண்டு நினைக்கிறம். வசனத்தில அப்பிடி இல்லை, காசு முதல் போகுது, மனசு பின்னால சைக்கிள் ஓடிக்கொண்டு வருது. எனக்கு இது விளங்கினது மூலை வீட்டுப் பிள்ளைக்கு பஸ் சீசன் எடுத்துக் குடுத்த பிறகுதான். அதுக்கு முதல் அந்தப் பிள்ளையின்ர பேரும் எனக்கு வடிவாத் தெரியாது, மாசம் மாசம் காசு போகத் தொடங்கின பிறகு, சோதினை எப்ப, கணக்கில எத்தினை எடுத்தனி எண்டு நானாப் போய்க் கேக்கிறன். அதால சனத்தில இரக்கம் வரட்டும் பிறகு குடுப்பம் எண்டு காத்துக்கொண்டிருக்காதேங்கோ, வராது. ஏதோ ஒரு சின்னத் தொகையை ஒரு ஆளின்ர பேரில மூண்டாவது நிரலில எழுதிறதுக்கு அடுத்த மாசமே வழி பாருங்கோ.

இனிக் கடன். கொப்பியின்ர பின்பக்கத்தில இருந்து கடனை எழுதிக்கொண்டு வாங்கோ, ஒண்டையும் ஒளிக்காமல், கடையில நிக்கிற கொப்பிக் காசில இருந்து லீசிங் வரைக்கும், கைமாத்தும் சேத்து. கடன் வாங்கினவன் கடன் குடுத்தவனுக்கு அடிமை எண்டு நீதிமொழிகள் 22:7 சொல்லுது, கிழமைக் காசு கட்டுற நாளில காலமை எங்கட ஊர்ப் பொம்பிளையளின்ர முகத்தைப் பாத்தா அதுக்கு விளக்கம் தேவையில்லை. 2018இல வறட்சி பட்ட மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அரசாங்கமே அறிவிக்கிற அளவுக்கு இது முத்தினது, பிறகும் நிக்கேல்லை.

வட்டிக் கணக்கை ஒருக்கா நீங்களே போட்டுப் பாருங்கோ. 50,000 ரூபா, மாசம் 2 வீதம், ஒரு வருசம். மாசம் 1,000, வருசம் 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு 1,200க்குக் கிட்ட வரும். 24 வீதம்தானே எண்டு நினைப்பியள். ஆனா ஆறு மாசம் முடியேக்க, வாங்கின முதல் காசில பாதியை நீங்கள் கட்டி முடிச்சிருப்பியள், வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையா உங்கட கையில நிண்ட காசுக்குப் பாத்தா அது வருசம் 40 வீதத்துக்கு மேல. இது விளங்கினா, எந்தக் கடனை முதல் முடிக்க வேணும் எண்டது தானா விளங்கும்: வட்டி கூடினது முதல், சத்தம் போடுறவர் முதல் இல்லை. ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுக்கிறதை நிப்பாட்டுங்கோ, கட்ட ஏலாத கிழமையில ஒளிக்காமல் போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ, ரசீது இல்லாமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

எங்கட காப்புக் கதை இதுதான். மண்ணுக்குள்ள ரெண்டு வருசம் பத்திரமா இருந்ததை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒண்டு லீசிங்கில எடுக்க முற்காசுக்கு எண்டு நான்தான் அடைவு வைச்சனான். ஒரு போகம் தண்ணியில போச்சு, திருப்ப ஏலேல்லை, ஏலத்தில போட்டுது. லாண்ட்மாஸ்டரையும் வந்து தூக்கினவை. ஷெல்லுக்குத் தப்பின காப்பு என்ர அவசரத்துக்குத் தப்பேல்லை. அம்மா இண்டைக்கு வரைக்கும் அதைப்பற்றி ஒரு சொல்லுச் சொன்னதில்லை, அதுதான் கூடச் சுடுது. உபாகமம் 24:6இல ஒரு சட்டம் இருக்கு, ஒருவனிட்ட மா அரைக்கிற திரிகைக் கல்லை அடைவா வாங்காதே எண்டு, ஏனெண்டா அது அவன்ர சீவியம். தையல் மெசின், தண்ணி பம்ப், வலை, தோணி, இதுகளை அடைவு வைக்காதேங்கோ, மற்றவனிட்ட இருந்து வாங்கவும் வாங்காதேங்கோ. கைமாத்துக் குடுத்தா வட்டி கேக்காதேங்கோ, ஏழைக்குக் குடுத்த காசுக்கு வட்டி வாங்காதே எண்டு யாத்திராகமத்திலேயே இருக்கு.

அடுத்தது கொஞ்சம் கோவமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. விதைச்சா நூறு மடங்கு, உன்ர கையில இருக்கிற கடைசிக் காசைப் போடு, ஆண்டவர் கதவைத் திறப்பார் எண்டு மைக்கில சொல்லுற கூட்டம் ஒண்டில எங்கட ஊர் அக்கா ஒராள், புருசன் இல்லை, ரெண்டு பிள்ளையள், தோட்டைக் கழட்டிப் போட்டிட்டு வந்தவ. கையில இருந்த ரெண்டு காசையும் கோயில் உண்டியலில போட்ட ஏழை விதவையின்ர கதையைத்தான் அண்டைக்குப் பிரசங்கம் பண்ணினவை. இனி ஆரும் உங்களுக்கு ஒரு வசனத்தைக் காட்டிக் காசு கேட்டா ஒரு வேலை செய்யுங்கோ, அதுக்கு முன்னால அஞ்சு வசனம், பின்னால அஞ்சு வசனம் வாசியுங்கோ. அந்த விதவையின்ர கதை மாற்கு 12:41இல தொடங்குது. அதுக்கு மேல் வசனம் 40இல இயேசு ஆரைத் திட்டுறார்? நீட்டிச் செபம் செய்துகொண்டு விதவையளின்ர வீடுகளை விழுங்கிற ஆக்களை. கதை முடிஞ்சு அடுத்த அதிகாரம் தொடங்க, இந்தக் கோயில் கல்லுக்கு மேல கல்லு நிக்காது எண்டு சொல்லுறார், 70ஆம் ஆண்டு உரோமர் அதை இடிச்சும் போட்டினம். அவள் போட்டதை அவர் மெச்சினவர்தான், ஆனா அவளிட்ட இருந்து அதைக் கழட்டி எடுக்கிற ஏற்பாட்டை மெச்சினவர் எண்டு எனக்குத் தெரியேல்லை.

மலாக்கி 3:10உம் அப்பிடித்தான், பத்தில ஒண்டைக் கொண்டு வா, வானத்தின்ர பலகணியைத் திறப்பன் எண்டு வாறது. அதே அதிகாரம் 5ஆம் வசனத்தில கூலிக்காரன்ர கூலியைப் பிடிச்சு வைக்கிறவனுக்கும் விதவையை, தாய் தேப்பன் இல்லாத பிள்ளையை நெருக்கிறவனுக்கும் எதிராச் சாட்சி சொல்ல வாறன் எண்டு கடவுள் சொல்லுறார், அதை மைக்கில ஆரும் வாசிக்கக் கேக்கேல்லை. உபாகமம் 14இன்ர கடைசியையும் பாருங்கோ, மூண்டாம் வருசத்துப் பத்தில ஒரு பங்கை ஊருக்குள்ளயே வைச்சு லேவியனும் அந்நியனும் அநாதையும் விதவையும் வந்து திருப்தியாச் சாப்பிட வேணும் எண்டிருக்கு. காணிக்கை குடுக்காதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை, நாங்களும் பூசையில போடுறனாங்கள்தான். வாங்க வேண்டிய ஆள் நீங்களா இருந்தா, கூசாமல் வாங்குங்கோ எண்டுதான் சொல்லுறன்.

வயல் இருக்கிற ஆக்களுக்குச் சுருக்கமா. லூக்கா 12இல வாற பணக்காரன் எங்கட இரணைமடுவுக்குக் கீழ இருக்கிற ஒரு கமக்காரனா இருந்திருக்கலாம், நல்ல விளைச்சல், வைக்க இடமில்லை, களஞ்சியத்தை இடிச்சுப் பெரிசாக் கட்டப் போறன் எண்டு யோசிக்கிறான். அவன் கதைக்கிறதை எண்ணிப் பாருங்கோ, என்ர விளைச்சல், என்ர களஞ்சியம், என்ர நெஞ்சே எண்டு தன்னோட மட்டும்தான் கதைக்கிறான், ஒரு பக்கத்து வீடு இல்லை, ஒரு கூலியாள் இல்லை. அதால காலபோகம் வெட்டி நெல்லு வித்த காசு வந்த உடன கொப்பியில முதல் வரி கூலியா இருக்கட்டும், பொழுது பட முதல் கூலியைக் குடு எண்டு சட்டமே இருக்கு. வெட்டு மெசின் போன பிறகு மூலையில, வரம்போரத்தில நிக்கிற கதிரையும் சிந்தினதையும் சொந்த வயல் இல்லாத சனம் வந்து எடுக்கட்டும், வேதத்தில வாற ரூத்து அப்பிடிப் பொறுக்கித்தான் மாமியைப் பாத்தவள். ஆரையும் ஏமாத்தி எடுத்தது இருந்தா வேதத்தில வாற வரிகாரன் சக்கேயு மாதிரி நாலு மடங்கு குடுக்க ஏலாட்டியும் எடுத்ததையாவது குடுத்து முடியுங்கோ, காணி எல்லைக் கட்டையை நகத்தினதும் அதுக்குள்ள வரும்.

புதையல் ஆசை எங்களுக்கு விளங்காத சாமான் இல்லை. முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கம் தங்கம் கிடக்குதெண்டு கோட்டில ஓடர் எடுத்து ஜேசிபியால கிண்டுறதும், அதைப் பாக்கச் சனம் கூடுறதும், கடைசியில தண்ணியும் சேறும் வாறதும் கண்டிருக்கிறம். இயேசுவின்ர நாட்டிலயும் படை வந்தா சனம் தாட்டுப்போட்டுத்தான் ஓடினது, 1952இல சாக்கடலுக்குப் பக்கத்தில கும்ரானில எடுத்த செப்புச் சுருள் முழுக்கப் பொன்னும் வெள்ளியும் எங்கெங்க தாட்டது எண்ட பட்டியல்தான். அதால மத்தேயு 13:44 அவைக்கும் பக்கத்து வளவுக் கதை மாதிரித்தான் கேட்டிருக்கும்: நிலத்தில புதையலைக் கண்டவன் அதை மூடிப்போட்டு, சந்தோசத்தில போய், இருக்கிற எல்லாத்தையும் வித்து அந்த நிலத்தை வாங்கிறான். நாங்கள் 'வித்து' எண்டதிலேயே நிண்டு பயப்படுறம், அவன் 'சந்தோசத்தில' போனவன்.

கடைசிப் பக்கத்துக்கு ஒரு வேலை இருக்கு. 2008 சித்திரையில மடு மாதா கோயிலடியில ஷெல்லடி கூடேக்க சுவாமிமார் மாதா சுருவத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனவை, அதைத்தான் தூக்கினவை. திரும்ப ஓட வேண்டி வந்தா நீங்கள் எதைத் தூக்குவியள், ஆரைத் தூக்குவியள் எண்டு கடைசிப் பக்கத்தில பென்சிலால எழுதுங்கோ. அதுக்குக் கீழ, உங்களைத் தூக்கக் கூடிய ஆக்களின்ர பேரையும் எழுதுங்கோ. சண்டைக்குள்ள மாத்தளன் பக்கம் அம்மா மோதிரத்தைக் குடுத்து ஒரு பால்மா பெட்டி வாங்கினவ, அடுத்த நாள் முன்னப்பின்ன தெரியாத ஒரு மனிசி சும்மா கஞ்சி தந்தவ, அம்மாவின்ர பட்டியலில முதல் நிக்கிறது அந்தப் பேர் தெரியாத மனிசி, 'கஞ்சி தந்தவ' எண்டுதான் எழுதியிருக்கு. என்ர பட்டியல் எழுதேக்க முதல் தரம் நாலு பேருக்கு மேல வரேல்லை, அதில ரெண்டு பேரோட காணிப் பிரச்சினையில கதைக்கிறதில்லை. அதில ஒராளிட்டப் போய்க் கதைச்சிட்டன், மற்றவரிட்டப் போக இன்னும் மனம் வரேல்லை.

மாசக் கடைசி ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து எல்லாரும் இருந்து கொப்பியை வாசியுங்கோ, பெரிசா வாசிக்கிறது வீட்டில சின்ன ஆளா இருக்கட்டும், அதுகள் 'சனம் பாக்க' எண்டதை வாசிக்கேக்க சிரிக்குங்கள், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான் போன பெருநாளுக்குச் சேட் எடுக்கேல்லை. இப்ப அம்மாவும் எழுதுறா, தேசிக்காய் வித்தது 350, ஆச்சிக்கு மருந்து எண்டு. பேனையை மட்டும் ஒரு நூல் போட்டுக் கொப்பியோட கட்டி வையுங்கோ, எங்கட வீட்டில மூண்டு பேனை துலைஞ்சிட்டுது.