நற்செய்திக் காட்சிக்குள் நுழைந்து செபிப்பது எப்படி?

1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்துவிட, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சொந்த ஊரான லொயோலாவில் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். படைவீரனின் சாகசங்களைக் கற்பனை செய்தால் அந்த நேரத்துக்கு இனித்தது. பிறகு மனம் வறண்டது. கிறிஸ்துவையும் புனிதர்களையும் பற்றி வாசித்து, அவர்களைப் போல வாழ்வதாக நினைத்துப் பார்த்தால் நினைவு கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு வித்து. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். நற்செய்திக் காட்சிக்குள் கற்பனையால் நுழைந்து செபிக்கும் முறை அந்நூலின் உயிர்நாடி. எந்தச் சபையினரும் செய்யலாம்.

முதலில் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் நடமாடும், பேசும் பகுதியாக இருக்கட்டும். பவுலின் மடல்களும் மலைப்பொழிவும் இதற்குத் தோதுப்படாது. தொடங்குவோருக்கு மாற்கு 10:46-52, எரிகோவின் பார்வையற்ற பிச்சைக்காரர் பர்த்திமேயு பார்வை பெறும் காட்சி, மிகப் பொருத்தம். ஏழே வசனங்களில் கூச்சல், கூட்டம், ஒரு கேள்வி எல்லாம் வந்துவிடுகின்றன. இரவு படுக்கும்போது, ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும் நேரம், மறுநாள் செபத்தை நினைத்துக்கொண்டு தூங்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். இது பராக்கைக் கணிசமாகக் குறைக்கும்.

வேலைகளை விட்டு ஒதுங்கி இப்பயிற்சிகளை முழுமையாகச் செய்யும் தியானத்தில் ஒவ்வொரு செபமும் ஒரு மணி நேரம். வீட்டில் செய்பவருக்கு 40 நிமிடம் போதும். உட்காருமுன், செபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி தள்ளி, ஒரு ‘எங்கள் தந்தையே’ சொல்லும் நேரம் நில்லுங்கள். கடவுள் உங்களைப் பார்க்கிறார் என்பதை மட்டும் எண்ணுங்கள். பிறகு முழந்தாளிடலாம், உட்காரலாம், படுக்கவும் செய்யலாம். ஒரு நிலையில் மனம் ஒன்றிவிட்டால் அதை மாற்றாதீர்கள்.

பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசித்துவிட்டு விவிலியத்தை மூடுங்கள். அடுத்து, வேண்டியதைக் கேளுங்கள்: ஆண்டவரை உள்ளார அறியும் வரம், அதனால் அவரை இன்னும் நேசித்துப் பின்செல்லும் வரம். பலரும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். இந்த மன்றாட்டு இல்லாவிட்டால் மீதி நேரம் வெறும் பகற்கனவாக முடிந்துவிடும்.

இப்போது இடம். எரிகோ கடல்மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கிருந்து எருசலேமுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். வெக்கை, புழுதி, பேரீச்ச மரங்கள், பாஸ்கா விழாவுக்குப் போகும் கூட்டம். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெத்லகேம் காட்சியில் பாதை அகலமா குறுகலா, குகை உயரமா தாழ்வா என்று கேட்கும் இஞ்ஞாசியார் விடையை நம்மிடமே விட்டுவிடுகிறார். ஆகவே உங்கள் எரிகோ நம்மூர்ச் சந்தை போல வந்தாலும் அதை விரட்ட வேண்டியதில்லை. இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் யூதேயாவே தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வளத்தோடுதான் வருகிறது.

பிறகு உள்ளே செல்லுங்கள். பிறப்புக் காட்சியில் இஞ்ஞாசியார் தம்மை ஓர் ஏழைப் பணியாளாக வைத்துக்கொண்டு திருக்குடும்பத்துக்கு ஊழியம் செய்கிறார். இங்கே நீங்கள் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம், பர்த்திமேயுவை அதட்டியவராக இருக்கலாம், அவரிடம் ‘துணிவுடன் எழுந்திரும்’ என்று சொன்னவராகவும் இருக்கலாம். அதட்டியவராக நின்று பார்ப்பது கசக்கும். ஆனால் அங்கேதான் பலருக்கு உண்மை பிடிபடுகிறது. பர்த்திமேயுவின் குரலைக் கேளுங்கள். அவர் உதறிய மேலுடை உங்கள் காலடியில் விழுந்தால் தொட்டுப் பாருங்கள். இயேசு நிற்கிறார், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உங்களிடம் திரும்பினால் கதையை நகர்த்த வேண்டாம். எங்கே மனம் நிறைகிறதோ அங்கேயே தங்குவதுதான் விதி. ஏழாம் வசனத்தை எட்டவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கடைசி ஐந்தாறு நிமிடம் உரையாடல்: நண்பனிடம் நண்பன் பேசுவது போல, சொந்தச் சொற்களில். ‘எங்கள் தந்தையே’ சொல்லி முடியுங்கள்.

உடனே எழுந்து வேலைக்கு ஓடாதீர்கள். கால் மணி நேரம் உட்கார்ந்தோ உலாவியோ நடந்ததைத் திரும்பிப் பாருங்கள். எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது, எதைத் தவிர்த்தேன்? நாலு வரி எழுதி வையுங்கள். மறுநாள் அதே பகுதியை எடுத்து, அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிச் செல்லுங்கள். புதிய பகுதிக்குத் தாவுவதைவிட இதில் ஆழம் அதிகம்.

எங்கே தவறுகிறது? சிலர் திரைப்படம் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். காட்சியில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் (தண்ணீர் கொடுப்பது, கையைப் பிடித்து அழைத்து வருவது) அது மாறும். சிலர் கதாசிரியராகி இயேசு என்ன சொல்ல வேண்டும் என்று தாங்களே வசனம் எழுதுகிறார்கள். அவரைப் பேசாமல் இருக்கவிடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பதே போதும். படமே வராதவர்களும் உண்டு. கண்முன் இல்லாததை மனத்தில் வரைந்து பார்க்கும் திறன் தமக்கு மிகக் குறைவு என்று எழுதியவர் ஸ்பெயினின் புனிதத் துறவி அவிலா தெரேசா. அவர் படங்களை நாடினார். நீங்களும் ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒலியையும் சொல்லையும் மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

மறைநூலோடு சொந்தச் சரக்கைச் சேர்ப்பதாகாதா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. வாக்கு மனிதரானார் (யோவான் 1:14) என்று நம்புகிறவர்கள் அந்த முகத்தையும் குரலையும் மனத்தால் தேடுவதில் தவறில்லை. ஆனால் காட்சியில் இயேசு சொன்னதாகத் தோன்றியது வெளிப்பாடு ஆகிவிடாது. அது நற்செய்தியோடு முரண்படுகிறதா, உங்களை அன்புக்கும் தாழ்ச்சிக்கும் இட்டுச் செல்கிறதா, சில நாள் கழித்தும் அமைதி தங்குகிறதா என்று பாருங்கள். இவை தேறாமல் அதை வைத்துத் திருமணம், வேலை, துறவு போன்ற எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆன்ம குருவிடம் பேசுங்கள்.

வன்முறைக்கு ஆளானவர்கள் இயேசுவின் பாடுகளின் (சிலுவைத் துன்பங்களின்) காட்சிகளைத் தனியே எடுக்க வேண்டாம். நடுக்கமோ பழைய நினைவோ மேலே வந்தால் கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, காட்சியை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த முறை உயிர்த்த இயேசு கரையில் காலை உணவு தரும் யோவான் 21:9-13ஐ எடுக்கலாம், முடிந்தால் வழிகாட்டி ஒருவரின் துணையோடு.