இந்தியப் பாஸ்போர்ட்டோடு நெதர்லாந்தில் ஓட்டுப் போடுவது எப்படி

அழகாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறான். "ஓட்டுப் போடச் சொல்லி நகராட்சியில இருந்து லெட்டர் வந்திருக்காம், நாம இந்தியப் பாஸ்போர்ட்டுதானே, போட்டா விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று பயந்துபோய்க் கேட்டார். ஒன்றும் ஆகாது. எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டுச் சேலம் திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நம் பிள்ளைகளின் உரிமை, தயவுசெய்து வீணாக்க வேண்டாம்.

நாடாளுமன்றத் தேர்தலில் டச்சுக் குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். ஆனால் நகராட்சி மன்றத் தேர்தலில், 18 வயதாகி, தொடர்ந்து 5 வருடம் முறையான அனுமதியோடு அங்கே வசித்த வெளிநாட்டவருக்கும் ஓட்டு உண்டு. 1986 தேர்தலிலிருந்தே இப்படித்தான். அந்த 5 வருடம் ஓட்டு நாளில் அல்ல, வேட்புமனு நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். நடுவில் ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி, அங்கே முகவரிப் பதிவை நீக்கியிருந்தால் கணக்கு அறுந்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

பெயர் சேர்க்க அலைய வேண்டாம். பதிவான முகவரிக்கு 'ஸ்டெம்பாஸ்' என்ற வாக்காளர் அட்டை தபாலில் தானாக வரும். அதோடு குடியிருப்பு அனுமதி அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் நகராட்சிக்குள் எந்த வாக்குச்சாவடிக்கும் போகலாம். மேசை அளவுக்கு விரியும் தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சரி, யாருக்குப் போடுவது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்தக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நமக்குத் தெரியும். அங்கே வார்டே கிடையாது, ஊர் முழுக்க ஒவ்வொரு கட்சிக்கும் ஒரே வேட்பாளர் பட்டியல், வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடங்கள். மேயரையும் மக்களோ கவுன்சிலர்களோ தேர்ந்தெடுப்பதில்லை. மன்றம் பரிந்துரைக்க, அரசு நியமிக்கும். அன்றாட நிர்வாகம் 'வெத்ஹவுடர்' என்பவர்கள் கையில், அவர்களை மன்றத்தில் கூட்டணி அமைக்கும் கட்சிகள் கொண்டுவருகின்றன. அதனால் எந்தக் கட்சி எதனோடு சேரும் என்பதையும் பார்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

டிவியில் பார்க்கும் தேசிய அரசியலை அப்படியே நகராட்சித் தேர்தலுக்குப் பொருத்தாதீர்கள். 2025 அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் 150 இடங்களில் டி66, பிவிவி என்ற இரண்டு கட்சிகளும் தலா 26 வாங்கின. ஆனால் பிவிவி பெரும்பாலான ஊர்களில் நகராட்சித் தேர்தலில் நிற்பதே இல்லை. மாறாக அந்தந்த ஊருக்கென்றே இருக்கும் கட்சிகள்தான் பல இடங்களில் பெரியவை. ஹேக் நகரில் 2022இல் முதலிடம் பிடித்தது 'ஹார்ட் ஃபோர் டென் ஹாஹ்' என்ற உள்ளூர்க் கட்சி.

எந்த முடிவு யார் கையில் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கான 30 சதவீத வரிச்சலுகை 2027 முதல் 27 ஆகிறது. அது நாடாளுமன்றத்தின் வேலை, நகராட்சியிடம் கேட்டுப் பயனில்லை. குடியேற்றச் சட்டமும் அப்படியே. ஆனால் எந்த நிலத்தில் எத்தனை வீடு, அதில் குறைந்த வாடகை வீடு எவ்வளவு, பார்க்கிங் கட்டணம், சைக்கிள் பாதை, குப்பை, வீட்டு வரி எல்லாம் நகராட்சி மன்றத்தில்தான் முடிவாகும். வாடகை வீடு தேடி மாதக்கணக்கில் நாயாய் அலைந்தவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஒவ்வொரு கட்சியின் வீட்டுவசதிப் பக்கத்தைத்தான். டச்சு வராதா? மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படியுங்கள். 'ஸ்டெம்வைசர்' என்ற இணையக் கருவி உங்கள் ஊருக்கு இருந்தால் அதையும் செய்து பாருங்கள்: ஏறக்குறைய 30 கருத்துகளுக்குச் சரி, தவறு சொன்னால் எந்தக் கட்சி உங்களுக்கு நெருக்கம் என்று காட்டும். அது சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முதல் மூன்று கட்சிகளை மட்டும் நீங்களே ஒப்பிடுங்கள்.

அப்புறம், நகராட்சித் தேர்தல் வழக்கமாக மார்ச்சில்தான் வரும். அந்த நேரம் தங்கை கல்யாணம் என்று சேலத்தில் இருந்தால், இங்கிருந்து தபாலில் ஓட்டுப் போட முடியாது. கிளம்புவதற்கு முன் ஸ்டெம்பாஸின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அதே நகராட்சியில் ஓட்டுள்ள நண்பரிடம் கொடுத்து, அடையாள அட்டையின் படத்தையும் அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் தன் ஓட்டைப் போடும்போதே உங்களுடையதையும் போடுவார். ஒருவர் இப்படி இரண்டு பேருக்குத்தான் போடலாம், அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.