சம்பா அரிசிக்கு இரவே ஊறல்

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற தீட்டாத அரிசியை முதல் நாள் இரவே கழுவி ஊற வைத்துவிடுங்கள். காலையில் கேஸ் கணிசமாக மிச்சமாகும்.

இந்த அரிசிகளின் தவிட்டுத் தோல் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. ஊறாத அரிசியை உலையில் போட்டால், ஈரம் மணியின் நடுவரை போய்ச் சேரும்வரை அடுப்பு வெறுமனே எரிகிறது. அந்த வேலையை இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரே செய்துவிடும். ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் கடுக்கென்று வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். கவுனி ஊறிய ஊதா நிறத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வராது, அதிலேயே வேக வைத்துவிடுவேன்.

தை அறுவடை முடிந்து வீட்டுக்கு வரும் புது அரிசிக்கு இது வேண்டாம், குழைந்து களியாகிவிடும். தீட்டிய பொன்னிப் பச்சரிசிக்கு அரை மணி நேரமே அதிகம். சித்திரை வெயிலில் நீண்ட நேரம் ஊறினால் புளித்த வாடை வரும். அப்போது நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.