ஒன்றரை வயதுக்கு என்ன கலர் வாங்கலாம்? வாய்க்கும் வீட்டுக்கும் பயப்படாமல் தொடங்கும் வழி

ஒன்றரை வயதில் குழந்தை படம் வரைவதில்லை. கையை இழுத்தால் ஒரு கோடு விழுகிறது, அந்த அதிசயம் போதும் அதற்கு. தட்டில் சிந்திய ரசத்தை விரலால் இழுத்துப் பார்ப்பதும் அதே ஆர்வத்தில்தான். ஆகவே 24 நிறப் பெட்டி, படம் வரையும் தாங்கிப் பலகை (ஈசல்), ஸ்பாஞ்ச் செட் என்று ஆன்லைனில் காட்டுவதை எல்லாம் கூடையில் போட வேண்டியதில்லை. நாலைந்து பொருள் போதும். அதிலும் பாதி வீட்டிலேயே இருக்கிறது.

இது 12 முதல் 24 மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கான குறிப்பு. இந்த வயதில் கைக்குக் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும். "வாயில வைக்கக் கூடாது" என்று சொல்லி நிறுத்த முடியாது. வாய்க்குப் போகத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுப்போம்.

படி 1: ஓட்டை போட்ட ஒரு அட்டை

கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை. பழைய நோட்டு அட்டையில் காம்பஸால் 3.2 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு வெட்டி எடுங்கள். பொம்மைப் பரிசோதனைக் கூடங்களில் இதற்கென்றே ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர், ஆழம் அதிகபட்சம் 57 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் தொண்டையைக் கணக்கில் வைத்து வகுத்த அளவு அது. ஒரு பொருள் அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி.

வீட்டுக் கணக்கு இப்படி: அட்டை ஓட்டையில் நுழைகிறது, நீளமும் ஆறு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது என்றால் அந்தப் பொருள் வேண்டாம். ஸ்கெட்ச் பேனா மூடி, உடைந்த சாக்பீஸ், ரப்பர், ஸ்டாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வரைவதற்கு என்று வாங்கியதில் எத்தனை உள்ளே விழுகிறது என்று ஆச்சரியமாக இருக்கும்.

படி 2: பெட்டியைத் திருப்பிப் படிப்பது

முன்பக்கம் 'நான் டாக்ஸிக்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பின்பக்கம்தான் விஷயம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருட்களுக்கு இது பொருந்தும். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்று தர எண் இருக்கும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய உரிமம் என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

எல்லாக் கிரேயான் பெட்டியிலும் இந்த முத்திரை இருக்காது. அப்போது இஎன் 71 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மூன்றாம் பகுதி, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் பொருளிலிருந்து எவ்வளவு கசியலாம் என்று வரம்பு வைக்கிறது. வெளிநாட்டுப் பெட்டி என்றால் நச்சற்றது என்று பரிசோதித்துத் தரும் 'ஏபி' என்ற வட்ட முத்திரையும் நல்ல அடையாளம். ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற அமெரிக்கத் தர எண் மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. அந்த எண், நாள்பட்ட ஆபத்து இருந்தால் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்கிறது. பொருள் நச்சற்றது என்பதற்கு அது சான்று ஆகாது. வயதுக் குறிப்பையும் பாருங்கள். 3+ என்று இருந்தால் அழகாக இருக்கிறது என்பதற்காக எடுத்துவிட வேண்டாம்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று தோன்றலாம். 1994-ல் அமெரிக்காவில், இறக்குமதியான சில கிரேயான்களில் ஈயம் இருப்பது தெரிந்து அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தையின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருவிழாக் கடையில் கிடைக்கிற, பெயரும் முகவரியும் இல்லாத கலர் டப்பா எனக்கு எப்போதுமே வேண்டாம்தான்.

படி 3: முதல் மாதம் வெறும் தண்ணீர்

கலர் வாங்கும் முன் தண்ணீரில் ஆரம்பியுங்கள். ஒரு அங்குல அகல பிரஷ், ஒரு சின்ன டம்ளரில் கால்வாசித் தண்ணீர். சாயங்காலம் வெயில் இறங்கியதும் வாசல் சிமென்ட் தரையிலோ மொட்டை மாடியிலோ உட்கார வையுங்கள். நனைத்து இழுத்தால் தரை கருக்கும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும், மறுபடி இழுக்கலாம். துடைக்க ஒன்றுமே இல்லை. கூடத்து டைல்ஸ் தரையில் மட்டும் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு கல் சிலேட்டு போதும். ஈரத் துணித் துண்டால் கிறுக்கினாலே தடம் தெரியும். தண்ணீர் பட்டால் நிறம் காட்டும் துணி விரிப்புகளும் விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் பேனாவுக்குள் தண்ணீரை விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கொட்டிக் காய வைக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று: பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் கொடுக்காதீர்கள். தலைகுப்புற விழுந்தால் ஓரிரு அங்குலத் தண்ணீரே ஆபத்து. மாடியில் என்றால் நீங்கள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் உட்காருங்கள்.

படி 4: முதல் கிரேயான், ஒரே ஒரு நிறம்

இந்த வயதில் பிடி என்பது முழுக் கைப் பிடி. குச்சியை உள்ளங்கையில் அமுக்கி, தோளிலிருந்து கையை ஆட்டுவார்கள். மெல்லிய கிரேயான் அந்த அழுத்தம் தாங்காது, உடையும். முழுதாக இருக்கும்போது நீளம் காப்பாற்றுகிறது. உடைந்த துண்டு நம் அட்டை ஓட்டையில் நேராக விழும். அதனால் தடிமனானது, முடிந்தால் முட்டை அல்லது கூழாங்கல் வடிவத்தில், ஓட்டையில் நுழையாத அளவுள்ளதை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் முக்கோண வடிவ ஜம்போ கிரேயான். அது உருண்டோடிக் கட்டிலுக்கடியில் போகாது. உடைந்த துண்டை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கடையில் மூன்று வகை கேட்டால் குழம்ப வேண்டாம். மெழுகு கிரேயான் கையில் கொஞ்சம் ஒட்டும், சோப்பில் போய்விடும். பிளாஸ்டிக் கிரேயான் ஒட்டாது, சுலபமாக உடையாது, ஆனால் அழுத்தினால்தான் நிறம் வரும். பொறுமையில்லாத குழந்தை தூக்கிப் போட்டுவிடும். ஆயில் பாஸ்டல் நிறம் அள்ளும், அதே அளவு கையிலும் சட்டையிலும் சுவரிலும் அள்ளும். மூன்றாவதை இப்போதைக்கு மறந்துவிடலாம். கொடுக்கும் முன் கிரேயானைச் சுற்றிய காகிதத்தை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதை அவர்களே உரித்துத் தின்பார்கள்.

பெட்டியோடு கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவள். 12 கிரேயானைக் கொட்டினால் குழந்தை கிறுக்காது, அள்ளி வீசும். ஒரு நிறம் கையில், இன்னொன்று உங்கள் மடியில். வீடு அழுக்காவதற்குப் பெரும்பாலும் நாம் வாங்கிய பொருளைவிட, ஒரே நேரத்தில் எடுத்து வைத்த அளவுதான் காரணம். இந்த ஒரு பழக்கம் இருந்தால் 'மெஸ் ஃப்ரீ' என்று விலை கூட்டி விற்கும் பாதிப் பொருள் தேவைப்படாது.

காகிதத்தை நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். நழுவாது, கசக்கவும் முடியாது. புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர் சுருள் ஒன்று வாங்கினால் மாதக் கணக்கில் வரும். செய்தித்தாளில் கிறுக்கக் கொடுக்க வேண்டாம். ஈரக் கையில் மை ஒட்டி வாய்க்குப் போகும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்று 2018 விதியில் தடை போட்டிருப்பதும் இந்த மையால்தான்.

படி 5: விரல் வண்ணம், அடுப்படியிலிருந்து

கடையில் விற்கும் ஃபிங்கர் பெயிண்ட்டை ஒருமுறை நாக்கில் வைத்த குழந்தை முகத்தைச் சுளிக்கும். ஐரோப்பியத் தரத்தில் கசப்புப் பொருள் சேர்க்க வேண்டும் என்றே விதி இருக்கிறது, தின்னாமல் இருக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒன்றரை வயதுக்கு வீட்டில் காய்ச்சுவதே எனக்கு நிம்மதி.

சுவரொட்டி ஒட்ட மைதாவில் பசை காய்ச்சுவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். இரண்டு மேசைக்கரண்டி சோளமாவை (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேளுங்கள்) ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். பால் நிறம் மாறிக் கண்ணாடி போல் ஆகும்போது இறக்கிவிடலாம். நன்றாக ஆறட்டும். இறுகிப்போனால் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு இளக்குங்கள். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கும் இது ஒத்துப்போகும். மைதா, கோதுமை எதுவானாலும் பச்சை மாவாகக் கொடுக்க வேண்டாம், அதில் கிருமி இருக்கலாம்.

நிறத்துக்கு:

பீட்ரூட் சாறு: நல்ல ரோஜா நிறம். மறுநாள் டயப்பரில் சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம், தின்றது பீட்ரூட்தான்.

பசலைக்கீரை அரைத்து வடிகட்டியது: மங்கலான பச்சை.

சங்குப்பூவை வெந்நீரில் ஊறப் போட்டது: நீலம். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும். வீட்டுப் பெரியவர்கள் குழந்தையைவிட இதைத்தான் ரசிப்பார்கள்.

மஞ்சள்தூள்: வேண்டாம் என்பேன். துணியில் பட்டால் கறை, சோப்பு போட்டால் அது சிவந்துவேறு போகும். பட்டுவிட்டால் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், வெயிலில் மங்கும்.

பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். இட்லித் தட்டின் ஒரு குழியில் ஒரு கரண்டி, அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. தீர்ந்தால் இன்னொரு கரண்டி.

வேலை நாளில் இதற்கும் நேரமில்லையா? கெட்டியான ஜிப் பையில் இரண்டு கரண்டி வண்ணம் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வாய்ப் பக்கம் டேப் ஒட்டி, நாலு ஓரத்தையும் தரையில் ஒட்டிவிடுங்கள். மேலே விரலால் அமுக்கினால் கோடு விழும், கை நனையாது. முடிந்ததும் பையை எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பை குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது.

படி 6: வீட்டுக்குள் விடாதவை

எழுதி அழிக்கும் எல்சிடி பலகை எல்லார் வீட்டிலும் பிறந்தநாள் பரிசாக வந்துவிடுகிறது. பெரும்பாலும் அதற்குள் இருப்பது பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பரணுக்கு. காந்தப் பலகையில் கழன்று வரும் சின்னக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலை இடையில் வைத்து ஒன்றை ஒன்று இழுக்கும்.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் கூடவே கூடாது, வயிற்றுக்குள்ளும் பெருக்கும். மினுமினுக்கும் கிளிட்டர், ஸ்லைம் (போராக்ஸ் என்ற ரசாயனம் சேர்த்திருப்பார்கள்), பெர்மனன்ட் மார்க்கர், ரங்கோலிக் கலர்ப்பொடி எல்லாம் பிறகு. உப்பு நிறையப் போட்டுப் பிசையும் 'சால்ட் டோ' வீட்டுப் பொருள்தானே என்று தோன்றும். நிறையத் தின்றால் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும்.

பலப்பம் தின்னாத தமிழ்க் குழந்தை உண்டா என்று கேட்பார்கள் பாட்டிமார். உண்மைதான், ஆனால் மெல்லிய துண்டு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். அதோடு, மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடித் தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பேட்டரி, காந்தம் விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. வேறு எதையாவது தின்றுவிட்டு என்ன செய்வது என்று தெரியாவிட்டால், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற இலவச எண் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் என்ன பொருள் என்று படித்துச் சொல்லலாம்.

படி 7: துடைப்பது

பழைய காட்டன் சட்டை, முழங்கை வரை மடித்த கை, கீழே ஒரு ரெக்ஸின் விரிப்பு. ஈரத் துணியைத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலரோடு குழந்தையை விட்டுவிட்டுத் துணி எடுக்க எழுந்து போனீர்களோ, சுவர் போச்சு.

சுவரில் மெழுகுக் கிரேயான் பட்டால் ஈரத் துணியில் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். எமல்ஷன் சுவரில் போகும். டிஸ்டம்பர் அடித்த சுவரில் தேய்த்தால் கிரேயானோடு சுவர் நிறமும் வந்துவிடும், அங்கே கை வைக்காமல் அடுத்த பொங்கல் வெள்ளையடிப்பு வரை பொறுத்துக்கொள்வதே மேல். துணியில் ஒட்டிய மெழுகுக்கு, மேலேயும் கீழேயும் பிரவுன் பேப்பர் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகு உருகிக் காகிதத்துக்குப் போகும். பிறகு வழக்கம்போல் துவைக்கலாம்.