இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. தூரம் மாறாது. நேரமோ, எந்தத் திசையில் பறக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் வரை கணக்கிட்டுப் பார்ப்போம். மொபைலில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும்.

படி 1: அட்சரேகை, தீர்க்கரேகை

மேப்பில் ஊரின் பெயரை அல்ல, விமான நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். லண்டன் பெயரில் பல நிலையங்கள் உண்டு. ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78.

படி 2: தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், பூமி உருண்டை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி ஒரு வளைவு. அதனால்தான் லண்டனைவிடத் தெற்கே இருக்கும் நியூயார்க்குக்குப் போகும் விமானம் முதலில் வடமேற்காகக் கிளம்புகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்சரேகைகளின் சைன்களை (sin பட்டன்) பெருக்கினால் 0.5095. அப்புறம் அவற்றின் கொசைன்களை (cos பட்டன்) பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 73.33-இன் கொசைனாலும் பெருக்கினால் 0.1356. (ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.) இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்தின் கொசைன் இது (cos⁻¹ பட்டன்)? சுமார் 49.82 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறக்குறைய 5,540 கி.மீ.

படி 3: நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 5,540-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 நிமிடம் கூட்டுங்கள்.

படி 4: காற்று

இதை விட்டுவிட்டால் விடை தப்பாகிவிடும். அட்லாண்டிக்குக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகமான காற்று ஓடுகிறது. மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது வேகம் 800, திரும்பும்போது 1,000. அந்த 40 நிமிடத்தையும் சேர்த்தால் போக 7 மணி 35 நிமிடம், திரும்ப 6 மணி 12 நிமிடம். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது.

வான்வெளி மூடியிருந்தால் தூரக் கணக்கும் உதவாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பதரை மணி நேரத்துக்குப் பதில் ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது.

படி 5: டிக்கெட்டோடு சரிபார்த்தல்

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால் பயணம் 3 மணி நேரமல்ல. 5 மணி நேர வித்தியாசத்தையும் கூட்டி, 8 மணி நேரம். தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டே அட்டவணை போடுவதால், நம் விடையைவிட அது சற்றுக் கூடவே இருக்கும். மார்ச் மாதத்தில் கவனம்: அமெரிக்கா கடிகாரத்தை முன்னதாகவே மாற்றிவிடுவதால், சில வாரங்களுக்கு வித்தியாசம் 4 மணி நேரம்தான்.